ரொட்டி சூடா இருக்கு

ஜெசிந்தாவுக்குப் புது மொழி என்றால் உயிர். பாரிஸில் இருந்தவரை பிரெஞ்சு கற்றுச் சொல்லிக்கொடுத்தாள். இப்போது கோபன்ஹேகனில், புதிதாக வந்திறங்குகிறவர்களுக்கு டேனிஷ் சொல்லிக்கொடுக்கிறாள். தெருமுனை ரொட்டிக்கடை ஹென்ரிக்கிடம் மட்டும் அந்த டேனிஷ் செல்லுபடியாகவில்லை. இவள் டேனிஷில் கேட்பாள், அவன் இங்கிலீஷில் பதில் சொல்வான். வருஷக்கணக்காக இதே கூத்து.

போன கோடையில் பொறுமை போய்விட்டது. “உங்க பாஷையிலயே பதில் சொன்னா வாயா வலிக்கும்?” என்று டேனிஷிலேயே பொரிந்து தள்ளினாள். அவன் காது சிவக்க ரொட்டியைக் கட்டிக்கொடுத்தான்.

இன்று காலை கடையில் நல்ல கூட்டம். இவளைக் கண்டதும் ஹென்ரிக் மாவுக்கையைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்து நின்றான்.

“வணக்கம்... அக்கா. ரொட்டி... சூடா... சூடா...”

தமிழ்! இவளுடைய தாய்மொழி! அடுத்த சொல் வராமல் அவன் நெற்றி வியர்த்தது. பின்னால் வரிசை முணுமுணுத்தது. பாவம், இவனுக்கு எதற்கு இந்தப் பாடு என்று ஜெசிந்தாவுக்கு மனசு இளகிவிட்டது.

“இட்ஸ் ஓகே, ஹென்ரிக். ஒன் லோஃப், ப்ளீஸ்.”

அவன் முகம் தொங்கிப்போனது. அந்த முகம் அவளுக்கு நன்றாகத் தெரியும். தினமும் ரொட்டியோடு வெளியேறும்போது கடையின் கண்ணாடிக் கதவில் அவள் பார்க்கிற தன் முகம்தான்.