மூன்று கால் கோழி

“கூட ஒரு கால் மட்டும் தனியாப் போடுங்கண்ணே.”

கறிக்கடைக்காரர் நிமிர்ந்து பார்த்தார். “வீட்டுக்கு விருந்தாளியாம்மா?”

“ஆமாண்ணே,” என்றாள்.

விருந்தாளியாம்! சொன்ன பிறகு அவளுக்கே எரிச்சலாக வந்தது. பெற்ற மகளுக்கு ஒரு கோழிக்கால் வாங்க இத்தனை பொய்யா?

வீட்டில் பிள்ளைகள் மூன்று. செத்துப்போன மூத்தாளின் மகளும் மகனும். பிறகு, இவள் பெற்றுத் தன்னோடு கூட்டி வந்த மகள் மது. கோழிக்கோ இரண்டே கால். படைத்தவன் இரண்டாம் கல்யாணத்தை எல்லாம் யோசித்தா படைத்தான்?

வந்த புதிதில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கை தன் போக்கில் ஒரு காலை மதுவின் தட்டில் வைத்துவிட்டது.

எதிர்வீட்டு நாத்தனார் பார்த்துவிட்டாள். “ம்ம். தான் பெத்ததுன்னா தனிதான்,” என்றாள்.

அவ்வளவுதான். பொழுது சாய்வதற்குள் தெரு முழுக்கப் பேச்சு. தண்ணீர் பிடிக்கப் போன இடத்தில் நாலு பேர் சட்டென்று வாயை மூடிக்கொண்டார்கள்.

அன்றிலிருந்து கால் இரண்டும் அந்தப் பிள்ளைகளுக்கு. மதுவுக்குக் கழுத்தும் விலாவும்.

ஒருமுறை மது கேட்டு அழுதது. யாருக்கும் தெரியாமல் தொடையில் ஒரு கிள்ளு கிள்ளினாள். அதற்குப் பிறகு அது கேட்கவில்லை.

நாத்தனார் ஒரு ஞாயிறுகூட விடமாட்டாள். சோற்று நேரத்துக்குச் சரியாக வந்து, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு உட்கார்ந்துவிடுவாள். புருஷனோ டிவியைப் பார்த்துக்கொண்டே மெல்லுவார். தன் வீட்டில் என்ன நடக்கிறது என்று இந்த மனுஷனுக்கு ஒருநாளாவது தெரியுமா? தெரிந்தால் மட்டும் என்ன கிழித்துவிடப் போகிறார்.

போன வாரம் பெரியவள் பாதிக் காலைத் தின்றுவிட்டு மீதியை வாசலில் நாய்க்குப் போட்டாள்.

மது நின்று பார்த்துக்கொண்டிருந்தது.

அதற்கு மேல் பெற்றவளுக்குப் பொறுக்கவில்லை. வருவது வரட்டும் என்று இன்று தானே கடைக்குக் கிளம்பிவிட்டாள்.

குழம்பு கொதித்தது. இறக்கினாள். பிள்ளைகள் வரிசையாக உட்கார்ந்தார்கள். நாத்தனார் அடுக்களை வாசலில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

பெரியவளுக்கு ஒரு கால்.

பையனுக்கு ஒரு கால்.

கரண்டி மூன்றாம் முறை சட்டிக்குள் போனது. சீ, ஒரு கோழிக்கால் வைக்க இப்படியா பயப்படுவது?

மதுவின் தட்டில் வைத்தாள்.

நாத்தனாரின் கண் அங்கே போனது. பெரியவளின் தட்டைப் பார்த்தது. பையனின் தட்டைப் பார்த்தது. எல்லாத் தட்டிலும் இருந்தது. வாயைத் திறந்தவள் மூடிக்கொண்டாள்.

இப்போது பேசு பார்க்கலாம் மதினி, என்று இவள் மனசுக்குள் சொல்லிக்கொண்டாள். வயிற்றில் பால் வார்த்தது போல இருந்தது.

மது சாப்பிடவில்லை.

தட்டைப் பார்த்தது. அத்தையைப் பார்த்தது. பிறகு அம்மா பக்கம் சாய்ந்து, காதோடு காதாகச் சொன்னது.

“அம்மா, மாத்தி வச்சுட்ட.”

“உனக்குத்தான்டி. தின்னு.”

மது நம்பவில்லை. அம்மா மாட்டிக்கொள்வாளே என்ற பயம் அந்த முகத்தில் அப்பட்டமாகத் தெரிந்தது. அவள் கையை நீட்டுவதற்குள், சின்ன விரல்களால் காலைத் தூக்கிப் பக்கத்தில் இருந்த அண்ணனின் தட்டில் வைத்துவிட்டது.

அவன் நிமிராமல் எடுத்துக் கடித்தான்.

நாத்தனார் சிரித்தாள். இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து இவள் பார்த்திராத சிரிப்பு.

“பரவால்லயே. பிள்ளைய நல்லாத்தான் வளத்திருக்க.”

புருஷன்கூட டிவியை விட்டுத் திரும்பி, ஆமாம் என்பதுபோலத் தலையாட்டினார்.

இந்த வீட்டில் ஒருவர் வாயிலிருந்தாவது வராதா என்று அவள் ஏங்கிக் கிடந்த வார்த்தை.

மது கழுத்துக்கும் விலாவுக்கும் தட்டை அம்மாவிடம் நீட்டிக்கொண்டு காத்திருந்தது.