உப்புப் புகார்

"சூப்பா இது? கடல் தண்ணியைக் காயவெச்சு பாக்கெட்ல அடைச்சு விக்கிறானுங்கம்மா!"

போனில் அந்த மனிதர் கத்தியதும் அவளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. "எந்த சூப்புங்கய்யா?" என்று பேனாவைத் திறந்தாள்.

"தக்காளி. உப்பைக் குறைங்கடான்னு அரசாங்கம் தலையால அடிச்சுக்குது, இவனுங்க காதுல ஏறினாத்தானே?" அவருக்குப் பின்னால் ஏதோ இரும்புக் கேட் கிறீச்சிட்டது. குரல் சட்டென்று தணிந்தது. "நாளைக்குப் பேசறேம்மா."

பாக்கெட் உணவில் உப்பு கூடினால் மக்கள் புகார் சொல்ல அரசாங்கம் திறந்த பிரிவு அது. பிரிவு என்றால் மூன்றாவது மாடியில் ஒரு மேசை, ஒரு போன், அவள். மற்ற அலுவலகங்கள் புதுக் கட்டடத்துக்குப் போய்விட்டதால் பேச்சுத் துணைக்கு ஈ காக்கை இல்லை. கீழே வாட்ச்மேன் இருந்தார். அவரும் ஒரு சல்யூட்டோடு சரி, வாயைத் திறந்து அவள் பார்த்ததில்லை.

போன் செத்துவிட்டதோ என்று அடிக்கடி ரிசீவரை எடுத்துக் காதில் வைப்பாள். பல நாள் அந்தக் 'கொர்'ரென்ற சத்தம்தான் அவள் கேட்ட ஒரே குரல்.

போன வாரம் பார்வையிட வந்த அதிகாரி, திரும்பக் காரில் ஏறும்போது சொன்னார்: "ஒரு புகார்கூட இல்லையேம்மா. அடுத்த வாரமும் இப்படின்னா மூடிட வேண்டியதுதான்."

"அப்போ என் வேலை சார்?"

"தற்காலிகம்தானே? வேற பாத்துக்கோங்க." வாட்ச்மேன் கார்க் கதவைச் சாத்தினார்.

மறுநாளே இந்த மனிதர் கிடைத்தார். ஒருநாள் சிப்ஸ், ஒருநாள் பிஸ்கட், ஒருநாள் நூடுல்ஸ். யார் பெற்ற பிள்ளையோ, தன் நம்பரும் ஒருவருக்குத் தெரிந்திருக்கிறதே என்று அவள் தினமும் காத்திருந்தாள்.

இன்று மாலை அதிகாரியே கூப்பிட்டார். "தினமும் புகார் வருதே, பரவாயில்லையே! பிரிவு இருக்கட்டும்மா."

சந்தோஷத்தைச் சொல்ல ஆள் தேடினாள். யாரும் இல்லை. கீழே இறங்கி, வாசலில் வழக்கம்போல் சல்யூட் அடித்தவரிடமே சொல்லிவிட்டாள்: "நம்ம பிரிவை மூடலையாம்!"

அவர் கேட்டைத் தள்ளினார். கிறீச். பிறகு கையை இறக்கி, முதல் தடவையாக வாயைத் திறந்தார்.

"அப்போ நாளைக்கு எதுல உப்பு ஜாஸ்திம்மா?"