இன்னும் வராத மழை

தீவுக் கிராமமான சிப்பிகாட்டில், காவேரி தன் பாக்கைக் காயப்போடும் களத்தில் ஒரு சின்னக் கருவி தொங்குகிறது. வெப்பத்தையும் ஈரப்பதத்தையும் அளந்து மெமரி கார்டில் பதிந்துகொண்டே இருக்கும். ஒரு நாள் காலையில் அந்தக் கார்டை லேப்டாப்பில் போட்டுப் பார்த்தவள், கணவன் பாலகுமாரைக் கூப்பிட்டாள்.

"இங்க பாருங்க, இன்னைக்கு சாயங்காலம் வரைக்கும் ரீடிங் இருக்கு."

"டைமைத் தப்பா செட் பண்ணியிருப்ப."

கருவியின் கடிகாரம் சரியாகவே இருந்தது. நேற்றைய அளவுகளும் சரி. ஆனால் இன்னும் வராத நண்பகலில் ஈரப்பதம் ஒரேயடியாக ஏறியிருந்தது. வெளியே சுள்ளென்று வெயில். மெயின்லேண்ட் கப்பலுக்குப் போகவேண்டிய பாக்கு முழுவதும் களத்தில் கிடந்தது. நனைந்தால் பூஞ்சை பிடித்துவிடும்.

"எதுக்கும் அள்ளிருவோம்," என்றாள் காவேரி.

பாலகுமார் சிரித்துக்கொண்டே சாக்கைப் பிடித்தான். கடைசி மூட்டை உள்ளே போனதும் மழை கொட்டியது. இருவரும் வாசலில் நின்று கைதட்டிச் சிரித்தார்கள். காவேரி வாழைக்காய் பஜ்ஜி போட்டாள்.

மறுநாளும் மழை விடவில்லை. காவேரி மறுபடி கார்டைப் பார்த்தாள். பிறகு பாக்குக் கூடையைத் தார்ப்பாயால் மூடி, இடுப்பில் வைத்துக்கொண்டு களத்தில் போய் நின்றாள். குடையோடு அந்த வழியே வந்த பக்கத்து வீட்டு ருக்கு திகைத்துப்போனாள்.

"பாகல் ஆயிட்டியாடி? பைத்தியம் மாதிரி மழையிலயா காயப்போடுவாங்க?"

"ஒரு நிமிஷம் இருங்கக்கா."

மழை நின்றது. பளிச்சென்று வெயில் அடித்தது. காவேரி தார்ப்பாயை நனையாத பக்கம் மேலே வர விரித்துப் பாக்கைக் கொட்டினாள். ருக்கு வெயிலில் குடையைப் பிடித்தபடியே நின்றாள்.