கோடித் துணிக் கணக்கு

ஏழு பேர் செத்துப் போனார்களாம். அதனால் திருக்கழுக்குன்றம் கடைத்தெருவையே பதினைந்து நாளைக்கு மூட வேண்டுமாம். சுவரில் ஒட்டியிருந்த நோட்டீஸைப் படிக்கப் படிக்க ஜவுளிக்கடை கியாசுதீனுக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது.

எரியாமல் என்ன செய்யும்? சித்திரைத் தேர் நெருங்கிவிட்டது. வருஷத்து வியாபாரமே அந்தக் கூட்டத்தை நம்பித்தான். சரக்கு வந்து இறங்கியாகிவிட்டது. இப்போது வந்து காலரா, கடையைச் சாத்து என்றால்? வெள்ளைக்காரன் போய்ப் பத்து வருஷம் ஆகவில்லை, அதற்குள் நம்மாள் அவனை மிஞ்சிவிட்டான் என்று கடைத்தெரு முழுக்கக் கேட்கும்படி சொன்னார்.

சுகாதார இன்ஸ்பெக்டர் கஸ்தூரிரங்கன் தேரடிக் கிணற்றுக்கு மருந்து போட்டுக்கொண்டிருந்தார். கியாசுதீன் நேராக அவர் முன்னால் போய் நின்றார். பின்னால் கடைக்காரர்கள் கூட்டம்.

"ஏழு பேர்னு யாரு சார் சொன்னது?"

"நானே போய்ப் பாத்து எழுதினதுதான் பாய்."

"செத்தது ரெண்டு பேரு. எனக்குத் தெரியாம இந்த ஊர்ல சாவா?"

வாய்ச்சவடால் இல்லை. அந்தப் பக்கத்தில் கோடித் துணி விற்கிற கடை அவருடையது ஒன்றுதான். பிணத்தின் மேல் கோடி போர்த்தாமல் இந்த ஊரில் யாரும் பாடையைத் தூக்க மாட்டார்கள். அவருடைய ஜனங்கள் மய்யத்துக்குச் சுற்றும் கஃபன் துணியும் அங்கேதான். எந்த வீட்டில் சாவு விழுந்தாலும், சங்கு ஊதுவதற்கு முன்னால் அவர் கடையில் துணி கிழிபடும்.

ஒன்று மட்டும் உண்டு. கோடியைக் கடனுக்குத் தர மாட்டார். போகிறவன் கடனோடு போகக் கூடாது என்பது அவர் வாப்பா காலத்துச் சட்டம். கடையில் நஷ்டமும் வராது, கேட்கிறவர்களுக்குப் பக்தியாகவும் இருக்கும்.

"நான் கிழிச்ச கோடி ரெண்டு சார். மிச்சம் அஞ்சு பொணம் துணி இல்லாமலா போச்சு?"

இன்ஸ்பெக்டர் நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

"துணியை நான் பாக்கல பாய். செத்தவங்களைத்தான் பாத்தேன்."

கூட்டம் அவரைக் கேலி செய்து சிரித்தது. பூக்கடை வரதன் விசிலே அடித்துவிட்டான். நாளைக் காலையில் முதலில் திறப்பது தன் கடைதான், போலீஸ் வந்தால் வரட்டும் என்று கியாசுதீன் அறிவித்தார். எல்லாரும் சேர்ந்து திறப்பதாக முடிவாயிற்று.

அதே சூட்டோடு வீட்டுக்கு வந்தவர், நாளைக்குக் கடைக்கு எடுத்துப் போக கோடி கிழிக்கிற வெள்ளை மல் துணி மூட்டையைத் தேடி உள்ளறைக்குப் போனார். கடையில் எலித் தொல்லை என்று அதை வீட்டில்தான் வைத்திருந்தார்.

சாக்குதான் இருந்தது. அதற்குள் ஒரே ஒரு துண்டு.

முற்றத்தில் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தாள் கீழத்தெரு முனியம்மா. வீட்டுக்குள் வந்து போகிற வெளியாள் அவள் ஒருத்திதான். கியாசுதீனுக்கு வேறு சாட்சி வேண்டியிருக்கவில்லை. தின்ற சோற்றுக்குத் துரோகம், சாவு விழுந்த ஊரில் திருட்டு என்று வாய்க்கு வந்தபடி திட்டித் தீர்த்தார். அவள் கரிக் கையோடு தலை குனிந்து நின்றாள்.

அவர் மனைவி பதருன்னிசா நடுவில் வந்து நின்றாள்.

"அவள ஒண்ணும் சொல்லாதீங்க. நான்தான் எடுத்துக் குடுத்தேன்."

"யாருக்கு?"

"கீழத்தெரு ஜனங்களுக்கு. பின்வாசல்ல வந்து நின்னாங்க."

"கடை இன்னாத்துக்குக் கீது? அங்க வர்றது?"

"கையில டப்பு இல்லாதவனுக்கு அங்க கோடி கிடையாதே. அது உங்க சட்டமாச்சே."

கியாசுதீன் முனியம்மாவைப் பார்த்தார். அவள் குரல் இறங்கிப் போயிருந்தது.

"பேதி வந்ததுன்னு தெரிஞ்சா வூட்ல கீறவங்களையும் ஊருக்கு வெளிய காலராக் கொட்டாய்க்கு இட்டுகினு பூடுவாங்கன்னு பயம் பாய். விடியறதுக்குள்ள எடுத்துட்டாங்க. இன்ஸ்பெக்டர் கண்ணுல படாததுங்கதான் நெறைய. கடைசியா ஒண்ணு எம் மருமவனுக்கு வாங்கிகினு போனேன்."

கியாசுதீன் சாக்கின் மேல் உட்கார்ந்துவிட்டார். ஒரு மூட்டையில் எத்தனை கோடி கிழிக்கலாம் என்பது அவருக்குத் தூக்கத்தில் கேட்டாலும் தெரியும். யாரும் சொல்லத் தேவையில்லை. திட்டிய வார்த்தைகள் ஒவ்வொன்றும் திரும்பி வந்து அவரையே அறைந்தன.

வாசலில் வரதன் குரல் கேட்டது. நாளைக்கு எத்தனை மணிக்குக் கடை திறக்கலாம் என்று கேட்க வந்திருந்தான்.

கியாசுதீன் எழுந்து போய்க் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"தொறக்க வாணாம் வரதா. எல்லார்கிட்டயும் போய்ச் சொல்லு."

"இன்னா பாய்? இன்ஸ்பெக்டர் கணக்கு தப்புன்னு நீதானே சொன்னே?"

"தப்புதான். பாவம், ரொம்பக் கொறச்சி எழுதிட்டாரு."