தொடாத கை

"அப்பா, வாய்தா மாமா என்னைப் பிடிச்சு இழுத்துக் கீழே தள்ளிட்டாரு."

மகள் முழங்கைச் சிராய்ப்போடு வந்து நின்றாள். பட்டறைக்காரருக்கு ரத்தம் தலைக்கேறியது.

வாய்தா என்பது அந்த மெக்கானிக்குக்குப் பட்டறை வைத்த பெயர். அடிதடியில் இருமுறை சிறை சென்றவன். வாலிபத்தை வாய்தாவிலேயே கழித்தவன். "நாய் வாலை நிமிர்த்த முடியாது" என்று, அவனை வேலைக்குச் சேர்த்த நாளிலிருந்தே மனைவி சொல்கிறாள். இந்தப் பழமொழியை உண்டாக்கியவர் எப்போதாவது நாய் வளர்த்தாரா என்று பட்டறைக்காரர் திருப்பிக் கேட்பார். இன்று கேட்கத் தோன்றவில்லை.

சர்வீசுக்கு வந்த வெள்ளைக் காரின் கதவில் சாய்ந்து நின்றான் வாய்தா. கார் பூட்டியிருந்தது.

"குழந்தை மேல ஏன்டா கை வெச்ச?"

"தப்புதான் முதலாளி. காருக்குள்ள ஏறிட்டா."

"தினமும்தான் ஏறி விளையாடுறா. சாவியைக் குடு."

"கார்க்காரருக்கு போன் போட்டிருக்கேன். அவர் கையிலதான் குடுப்பேன்."

"இது யார் கடைடா?"

வாய்தாவின் கண் வாசலுக்கும் குழந்தைக்குமாக அலைந்தது.

பட்டறைக்காரர் உள்ளே போனார், வெளியே வந்தார். ஸ்பேனரை எடுத்தார், வைத்தார். காரிலிருந்து எதையாவது திருடிவிட்டானோ?

காரின் சொந்தக்காரரான வக்கீல் ஆட்டோவில் வந்து இறங்கினார். டிவி விவாதங்களில் எல்லோரும் பார்த்த முகம். தண்டனை பெற்றவன் துப்பாக்கியைத் தொட்டாலே மறுபடி சிறை என்ற புதுச் சட்டத்துக்காகத் தொண்டை வறளப் பேசியவர்.

"இவனா எனக்கு போன் பண்ணினது? கோர்ட்டுல பார்த்த மூஞ்சியாச்சே. இவன் பழைய கதை தெரிஞ்சுமா சார் வேலைக்கு வெச்சிருக்கீங்க? இந்த மாதிரி ஆளுங்களுக்காகத்தான் சட்டமே."

பட்டறைக்காரர் கூசிப்போனார். "டேய், நாளையிலேருந்து நீ வர வேண்டாம்."

வாய்தா தலையாட்டினான். சாவியை வக்கீல் கையில் வைத்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான்.

"டிரைவர் சீட்டுக்கு அடியில துப்பாக்கி கிடக்கு சார். பாப்பா பொம்மைன்னு நெனைச்சு எட்டி எடுக்கப் போனா."

வக்கீல் முகம் வெளுத்தது. "அதுவா... லைசென்ஸ் இருக்கு. எடுத்து வைக்க மறந்துட்டேன்."

பட்டறைக்காரர் மகளை வாரித் தூக்கிக்கொண்டார். "முன்னாடியே சொல்றதுக்கு என்னடா?"

"சொன்னா நீங்க பதறிப்போய்க் கதவைத் திறப்பீங்க. ஆளாளுக்கு எடுத்துப் பாப்பாங்க. உள்ளே குண்டு இருக்கா இல்லையான்னு யாருக்குத் தெரியும்?"

வக்கீல் அவசரமாகக் கதவைத் திறந்து குனிந்தார். தொப்பை சம்மதிக்கவில்லை. கை பாதி வழியிலேயே நின்றுவிட்டது.

"நீயே கொஞ்சம் எடுத்துக் குடுப்பா."

வாய்தா இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டான்.

"நான் தொடக் கூடாது சார். நல்ல சட்டம். நீங்க கொண்டு வந்ததுதான்."