புது வகுப்பு

அணில்குட்டிக்குக் காலையில் குயிலிடம் பாட்டு, மதியம் மயிலிடம் நடனம், சாயங்காலம் வாத்திடம் நீச்சல். நடுவில் எருமையக்காவின் காப்பகத்துக்கு வந்தால், பழத்தைக் கடித்தபடியே தூங்கிவிடும். எருமையக்காவுக்கு அணிலம்மா மேல் பற்றிக்கொண்டு வந்தது. ஒருநாள் நீச்சலுக்கு அனுப்பாமல் சேற்றில் இறக்கிவிட்டாள்.

அழைத்துப்போக வந்த அணிலம்மா திகைத்தாள். "என்னடா பண்றே?"

"சும்மாம்மா!" குட்டி உருண்டு சிரித்தது.

"சும்மாவா? புது வகுப்பா அக்கா? முயல் வீட்டுப் பையன் சேர்ந்துட்டானா?"

எருமையக்கா வாலால் ஈயை விரட்டினாள். "இன்னும் இல்லை. இடம் கொஞ்சந்தான் இருக்கு."

"அய்யோ, நீச்சலை நிறுத்திடறேன். தினமும் இதிலேயே போடுங்க!"

மறுநாள் முயலம்மா மூச்சிரைக்க ஓடிவந்தாள். "எங்க பையனையும் சேர்த்துக்குங்கக்கா! வீட்டிலேயே சும்மா இருந்து நல்லாப் பழகியிருக்கான்."

எருமையக்கா சேற்றில் இன்னும் இரண்டு குடம் தண்ணீர் ஊற்றினாள்.