யானை வழுக்கும் கட்டம்

ஐந்து மணிக்குக் குழந்தைகளுக்கான சித்திரக்கதை அச்சுக்குப் போயாக வேண்டும். மேசை விளக்கடியில், தங்கை மூன்று நாள் மாரடித்து வரைந்த யானை சோப்பில் வழுக்கி அந்தரத்தில் நிற்கிறது. அக்கா எழுதிய ஏழு வரி வசனம், பேச்சுப் பலூனாக வெட்டி ஒட்டப்பட்டு, யானையின் முகத்தையே மறைக்கிறது. "விழுற யானை இவ்வளவு பேசுமாக்கா? பிள்ளைங்க சிரிக்க வேணாமா?" தங்கை பல்லைக் கடித்தபடி பலூனைப் பிய்க்கிறாள். முழி பிதுங்கிய முகம் வெளியே வருகிறது. மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டு குனிந்த அக்கா, உதட்டைக் கடித்தும் அடக்க முடியாமல் குபீரென்று சிரித்துவிடுகிறாள். தங்கைக்கு அப்பாடா என்றிருக்கிறது. கண்ணைத் துடைத்துக்கொண்டே அக்கா பென்சிலைத் தேடுகிறாள். "சரிடி, நீதான் ஜெயிச்சே. ஆனா அந்த வால் பக்கம் இடம் சும்மாதானே கெடக்கு?"